நடுவளாகத்தில் கை வைப்பதற்கு முன்

பணி ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. இன்னமும் மாதத்துக்கு ஒரு போனாவது வந்துவிடும். ஏதாவது ஒரு கல்லூரியின் எஸ்டேட் அலுவலகத்திலிருந்து, அதாவது கட்டடங்களையும் நிலத்தையும் பராமரிக்கும் பிரிவிலிருந்து, இளம் பொறியாளர் ஒருவர் பேசுவார். "சார், அட்மின் பிளாக்குக்கும் லைப்ரரிக்கும் நடுவுல இருக்கற இடத்தைப் புதுசாப் பண்ணச் சொல்றாங்க. உங்ககிட்ட பழைய டிராயிங் இருந்தா அனுப்புங்களேன்." நான் திருப்பிக் கேட்பேன்: "தம்பி, காலைல எட்டே முக்காலுக்கு அந்த இடத்துல யாரெல்லாம் நிக்கறாங்க?" அந்தப் பக்கம் சத்தமே இருக்காது.

எங்கள் டிராயிங்கை வாங்கிப் போட்டால் எங்கள் தப்புகளும் கூடவே போகும். அதற்குப் பதிலாக, அந்த வேலையை இன்றைக்குச் செய்தால் எப்படிச் செய்வேன் என்று எழுதி வைக்கிறேன்.

நான் இப்படி ஒரு நடுவளாகத்தைச் சீரமைத்தது தமிழ்நாட்டின் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில். பெயர் வேண்டாம். இதில் வரும் தவறுகளில் பாதி என்னுடையவை, மீதிக்குச் சொந்தக்காரர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். நடுவளாகம் சுமார் நாலு ஏக்கர். வடக்கே நிர்வாகக் கட்டடம், தெற்கே நூலகம், மேற்கே கேன்டீன், கிழக்கே தேர்வுப் பிரிவு. நடுவில் தண்ணீரே வராத நீரூற்று ஒன்று, கொடிக்கம்பம், ஏழு தூங்குமூஞ்சி மரங்கள், மிச்ச இடமெல்லாம் பைக்குகள்.

முதல் இரண்டு வாரம் நாற்காலி போட்டு உட்காருங்கள்

ஆர்க்கிடெக்ட்டைக் கூப்பிடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. இதற்குச் செலவு கிடையாது, அதனாலேயே யாரும் செய்வதில்லை. வளாக வரைபடத்தை முப்பது ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, அரை மணிக்கு ஒரு தாள் என்று, யார் எங்கிருந்து எங்கே நடக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று பென்சிலால் கோடு போடுங்கள். காலை வகுப்புக்கு முன், மதியச் சாப்பாட்டு நேரம், நாலு மணி, அப்புறம் ராத்திரி எட்டு மணி. ராத்திரி எட்டு மணியை விட்டுவிடாதீர்கள். நூலகத்திலிருந்து மகளிர் விடுதிக்குப் போகும் பெண்கள் நேர்வழியை விட்டு எங்கே சுற்றிப் போகிறார்கள் என்று பார்த்தால், எந்த இடத்தில் விளக்கு இல்லை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

சாதாரண நாள் மட்டும் போதாது. தேர்வு நாள், சேர்க்கைக் கலந்தாய்வு நாள், பட்டமளிப்பு விழா, மழை நாள் எல்லாம் வேண்டும். மழை விட்ட மறுநாள் காலையில் சேற்றில் இருக்கும் காலடித் தடங்களைப் போல நேர்மையான வரைபடம் வேறில்லை. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் 'ஓவல்' என்ற பெரிய புல்வெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோலம் போட்டதுபோல் நடைபாதைகள் ஓடும். மாணவர்கள் நடந்து நடந்து புல் தேய்ந்த தடங்களை ஒட்டிப் போட்டவை என்று சொல்வார்கள். நம் ஊரில் அந்தத் தடத்தில் முள்கம்பி கட்டிவிட்டு, 'புல்லை மிதிக்காதீர்' என்று பலகை வைப்போம்.

எங்கள் துப்புரவுப் பணியாளர் அம்மா ஒருவர் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "என்ன சார், வெயில்ல எண்ணிக்கிட்டிருக்கீங்க? என்னைக் கேட்டா நான் சொல்லமாட்டேனா? குப்பை எங்க சேருதோ அங்கதான் பசங்க உக்காருதுங்க. அந்த மூணாவது மரத்துக்கிட்ட தினம் ரெண்டு கூடை. நீங்க போட்டிருக்கற சிமெண்டு பெஞ்சுல ஒரு காகிதம் கிடக்காது." பதினாலு நாள் கணக்கெடுத்து நான் கண்டுபிடித்ததை அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். சிமெண்ட் பெஞ்சுகள் மேற்கு வெயிலில் இருந்தன.

எனக்கு முற்றிலும் தெரியாமல் இருந்த விஷயம் வேறு. தேர்வுப் பிரிவின் படிக்கட்டில் தினமும் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாணவர்கள் இல்லை. மதிப்பெண் பட்டியலில் பெயர்த் திருத்தம், இடப்பெயர்வுச் சான்றிதழ், டூப்ளிகேட் சான்றிதழ் என்று வெளியூரிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வந்த பெற்றோர்களும் பழைய மாணவர்களும். அவர்களுக்கு நிழலும் இல்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை, கழிப்பறையும் இல்லை. எங்கள் சீரமைப்புக் குழுவில் பதினோரு பேர் இருந்தோம். இவர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, என்னையும் சேர்த்து. கடைசியில் நாங்கள் செய்ததிலேயே உருப்படியான வேலை, அந்தப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் போட்ட ஓட்டுக் கூரையும் குடிநீர்க் குழாயும் கழிப்பறையும்தான்.

எடுத்த தாள்களை எல்லாம் வைத்து ஒரே வரைபடத்தில் பச்சை, சிவப்பு பென்சிலால் நிறம் தீட்டுங்கள். நன்றாக இயங்கும் இடம் பச்சை, செத்துக் கிடக்கும் இடம் சிவப்பு. இது என் யோசனை இல்லை. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்துக்காக கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் என்ற ஆர்க்கிடெக்ட்டின் குழு வகுத்த திட்டத்தில், வளாகம் முழுவதையும் இப்படி அடிக்கடி நோய் பார்ப்பதுபோல் பார்த்து வரைபடம் போட வேண்டும் என்று இருக்கிறது. பச்சையில் கை வைக்கக் கூடாது. எங்களுக்கு வந்த முதல் டிசைனில் அந்த மூன்றாவது மரத்தடியில்தான் பிறை வடிவ மேடை வரைந்திருந்தார்கள்.

மண்ணுக்கு அடியில் இருப்பதை வரைபடம் சொல்லாது

வளாகத்தின் நடு என்றால் எல்லாக் குழாயும் எல்லாக் கேபிளும் அதன் வழியாகத்தான் போகும். எங்களிடம் 1980களின் பழைய புளூபிரிண்ட் இருந்தது. அதை நம்பி ஜேசிபியை இறக்கினோம். வரைபடத்தில் கேபிள் மூன்று மீட்டர் தள்ளி இருந்தது, மண்ணில் நேர் கீழே இருந்தது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்குப் பகலில் செய்முறைத் தேர்வு. நாலு லேபில் கரண்ட் போனது. அந்த மெமோ இன்னும் என் கோப்பில் இருக்கிறது.

ஆகவே, கருவியால் ஸ்கேன் செய்ய வசதியிருந்தால் செய்யுங்கள். அதோடு நிறுத்தாமல், ஆள் விட்டுக் கையால் சோதனைக் குழி தோண்டுங்கள். குழாயும் கேபிளும் குறுக்கே போகலாம் என்று சந்தேகப்படும் கோட்டில் ஆளுயரக் குழி வேண்டியதில்லை, இடுப்பளவு போதும். இன்னொன்று, ஓய்வு பெற்ற வயர்மேனையும் பிளம்பரையும் தேடிப் பிடியுங்கள். எங்கள் பழைய வயர்மேன் அண்ணனை ஆட்டோ வைத்து அழைத்து வந்தோம். கையில் சுண்ணாம்புப் பொடி வாளியை வாங்கிக்கொண்டு, "இங்க ஒரு பூவரச மரம் இருந்துச்சு, அதைச் சுத்தித்தான் கேபிளைத் திருப்பினோம்" என்று கோடு போட்டுக்கொண்டே போனார். மரம் போய் இருபது வருடமாகிறது. கோடு சரியாக இருந்தது. ஒரு நாள் கூலியும் பிரியாணியும் கொடுத்தோம், இன்னும் கொடுத்திருக்கலாம்.

மூடுவதற்கு முன் இரண்டு காரியம். ஒவ்வொரு பள்ளத்தையும் டேப் பிடித்து, பக்கத்துக் கட்டடத்தின் மூலை தெரியும்படி போட்டோ எடுங்கள். அடுத்தது, தேவைக்கு மேல் இரண்டு காலிக் குழாயை, பின்னால் கேபிள் இழுக்க உள்ளே நூல் கயிறு விட்டுப் புதைத்து வையுங்கள். இல்லாவிட்டால் திறப்பு விழா முடிந்த ஆறாவது மாதம் இன்டர்நெட் கேபிள் போட என்று ஒருவர் வந்து புதுத் தரையைப் பெயர்ப்பார்.

தண்ணீர்க் கணக்கு

ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இதைத் தெரிந்துகொண்டால் போதும், மீதி பெருக்கல்தான். ஐயாயிரம் சதுர மீட்டருக்கு பேவர் பிளாக்கோ கல்லோ பாவுகிறீர்கள், ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் பெய்கிறது என்றால் ஐந்து லட்சம் லிட்டர். அதில் பெரும்பகுதி மண்ணில் இறங்காது. அது எங்கே போகும் என்று டிசைன் கொண்டு வருபவரிடம் கேளுங்கள். "டிரெய்ன்ல போயிடும்" என்றால் அந்த டிரெய்ன் எங்கே போய் முடிகிறது என்று கேளுங்கள். எங்கள் வளாகத்தில் அது நூலகத்தின் பின்பக்கம் ஒரு அடைபட்ட சேம்பரில் முடிந்தது. 100 மில்லிமீட்டர் அதிகமாகத் தெரிந்தால், 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர், அதாவது 490 மில்லிமீட்டர், பதிவானதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இது ஏழை நாட்டுப் பிரச்சினையும் இல்லை. கான்பராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் நடுவளாகத்தைப் பெரிய அளவில் இடித்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, 2018 பிப்ரவரியில் வளாகத்துக்குள் ஓடும் சல்லிவன்ஸ் ஓடை கரை உடைத்துச் சிஃப்லி நூலகத்துக்குள் புகுந்தது. அடித்தளத்தில் இருந்த நூல்கள் பெருமளவில் நாசமாயின. மறு வருடம் அந்த நடுவளாகம் 'காம்ப்ரி' என்ற பெயரில் திறக்கப்பட்டது. அது அந்த மண்ணின் பூர்வகுடிகளிடம் இருந்து, அவர்கள் சம்மதத்தோடு பெற்ற பெயர். ஓடை இருக்கும் இடத்தில் ஓடைதான் மூத்தது.

நம் ஊரில் வெள்ளத்துக்கு ஓடைகூடத் தேவையில்லை, தரை மட்டம் போதும். ஒவ்வொரு துணைவேந்தர் காலத்திலும் பழைய தரையை எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தரை போடுவார்கள். நாங்கள் உடைத்தபோது மூன்று அடுக்கு வந்தது: கீழே சிமெண்ட், அதன் மேல் சிவப்பு ஓடு, அதற்கும் மேல் பேவர். நூலக வாசலில் முன்பு மூன்று படி இருந்ததாம். நான் சேர்ந்தபோது ஒன்றுதான் இருந்தது. புதுத் தரை போடுவதற்கு முன் பழையதை முழுக்க வாரி வெளியேற்ற வேண்டும் என்பதை டெண்டரிலேயே எழுதுங்கள். சுற்றியுள்ள கட்டடங்களிலேயே தாழ்ந்த வாசல் எது என்று பார்த்து, அதன் மட்டத்தைச் சுவரில் பெயிண்டால் குறித்துவிட்டு, தரையின் எந்த இடமும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று மேஸ்திரியிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள். தண்ணீர் கட்டடத்தை விட்டு விலகி ஓட, நூறுக்கு ஒன்று சரிவு போதும். நாங்கள் நடுவில் இரண்டு இடங்களை முழங்காலளவு பள்ளமாக விட்டு, கோரையும் கல்வாழையும் வைத்தோம். மழைக்காலத்தில் ஒரு நாள் தண்ணீர் நிற்கும், மறுநாள் இறங்கிவிடும். கொசு வரும் என்று சண்டை போட்டவர்கள் உண்டு. நிற்கும் நேரம் ஒரு நாளைத் தாண்டாவிட்டால் கொசு முட்டை பொரித்து வளர நேரம் கிடைக்காது.

மரங்கள்

ஏழு தூங்குமூஞ்சி மரங்களில் இரண்டை நான் கொன்றேன். வெட்டவில்லை. மரத்தைச் சுற்றி அழகாக இருக்கட்டும் என்று அடிமரத்திலிருந்து ஐந்தடி தள்ளி வட்டமாகக் கர்ப் ஸ்டோன் (ஓரக்கல்) வைத்தோம். அதற்காகப் பள்ளம் எடுத்தபோது மணிக்கட்டுத் தடிமனுக்கு வேர்கள் வந்தன. ஒப்பந்தக்காரரின் ஆள் கடப்பாரையால் நறுக்கினார், நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஐப்பசி மழையில் ஒன்று சாய்ந்தது. இன்னொன்று இரண்டு வருடம் எடுத்துக்கொண்டு நுனியிலிருந்து காய்ந்தது.

பிறகுதான் கணக்குத் தெரிந்தது. மார்பு உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து பன்னிரண்டால் பெருக்குங்கள். 60 சென்டிமீட்டர் விட்டம் என்றால் 7.2 மீட்டர். மரத்தைச் சுற்றி அந்தத் தூரத்துக்குள் பள்ளம் கூடாது, மண் கொட்டக் கூடாது, ஜல்லி குவிக்கக் கூடாது, லாரி நிற்கக் கூடாது. உணவு எடுக்கும் வேர்கள் பெரும்பாலும் மேல் இரண்டடி மண்ணிலேயே படர்ந்திருக்கும். ஆழத்தில் வேர் இருக்கிறது, மேலே என்ன செய்தாலும் தாங்கும் என்பது தப்பு. வேலை தொடங்குமுன் அந்த எல்லையில் சவுக்குக் கம்பு நட்டு வேலி போடுங்கள்.

அமெரிக்காவில் மரத்துக்காகக்கூட இல்லை, சோளத்துக்காக ஒரு நூலகத்தையே மண்ணுக்குள் இறக்கினார்கள். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் நடுவில் 1876 முதல் பயிர் ஆராய்ச்சி நடக்கும் மாரோ வயல் இருக்கிறது. பக்கத்தில் இளநிலை மாணவர் நூலகம் கட்டியபோது அதன் நிழல் பயிர் மேல் விழக் கூடாது என்று தரைக்குக் கீழே கட்டினார்கள். 1969ல் திறந்தது. எங்கள் குழுவில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதிதாக நட என்றால் வேம்பு, புங்கம், மகிழம், நாவல். நடைபாதையை ஒட்டிக் குல்மொஹர் வேண்டாம், பூ அழகுதான், காற்றுக்கு நிற்காது. 2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப் பிறகு சென்னையில் சாலைகளில் கிடந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. கட்டட வேலை முடிந்த பிறகு மரம் நடுவது வழக்கம். தலைகீழாக, டிசைன் முடிவான அன்றே, தொந்தரவு இல்லாத ஓரங்களில் நட்டுவிடுங்கள். டெண்டர், நிதி, கோர்ட் கேஸ் எல்லாம் முடிவதற்குள் அது ஆள் உயரம் வந்திருக்கும். வெட்டியே ஆக வேண்டிய மரம் இருந்தால், அரசு நிலத்தில் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். அதற்கு ஆகும் காலத்தையும் அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வண்டிகளை வெளியே அனுப்புவது

சண்டை வரப்போவது இங்கேதான். மாணவர் பைக்கை நகர்த்துவது சுலபம், ஒரு சுற்றறிக்கை போதும். பேராசிரியர் காரை நகர்த்திப் பாருங்கள். சென்னை ஐஐடியில் அத்தனை பெரிய காட்டு வளாகத்தில் மாணவர்கள் சைக்கிளிலும் உள்பேருந்திலும் போய்வருகிறார்கள், மான் குறுக்கே நடக்கிறது என்றெல்லாம் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். "அது ஐஐடி சார்" என்று முடித்துவிட்டார்கள்.

கடைசியில் பலித்தது வாதம் இல்லை, டிரம். பழைய தார் டிரம்களுக்கு வெள்ளையடித்து, கயிறு கட்டி, இரண்டே வாரத்துக்குச் சோதனை என்று சொல்லி நடுவளாகத்தை வண்டிகளுக்கு மூடினோம். கட்டினால்தான் எதிர்ப்பார்கள், டிரம்மை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மூன்றாம் நாள் மாணவர்கள் அங்கே ஷட்டில் ஆட ஆரம்பித்தார்கள். இரண்டு வாரம் முடிந்தபோது டிரம்மை எடுக்கச் சொல்லி ஒரு மனுவும், எடுக்க வேண்டாம் என்று ஆறு மனுவும் வந்தன.

எடுக்கச் சொன்ன பேராசிரியருக்கு நிஜமாகவே முழங்கால் வலி. அவர் சொன்னது நியாயம். அவருக்காகத்தான் பேட்டரி வண்டி வந்தது, அவருக்காகத்தான் சாய்தளங்களை ஒழுங்காக அளந்தேன். சாய்தளம் 1:12. அதாவது 60 சென்டிமீட்டர் உயரம் ஏற 7.2 மீட்டர் நீளம், அதற்கு மேல் ஏறி நிற்க சமதளம். படிக்கட்டுக்குப் பக்கத்தில் மிச்சமிருக்கும் மூலையில் செருகுகிற சமாச்சாரம் இல்லை இது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் பைக் ஏறுகிற சறுக்கலைக் காட்டி சாய்தளம் என்று கணக்கு எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சக்கர நாற்காலியில் வரும் மாணவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கான்கிரீட் போடுவதற்கு முன் செங்கல் அடுக்கிய நிலையிலேயே போய் வந்து பாருங்கள்.

தீயணைப்பு வண்டிக்கும் இதே கதை. வரைபடத்தில் எல்லாம் சரியாக இருந்தது. நிலைய அலுவலரிடம் கேட்டு, கல் தூண் வரப்போகும் இடங்களில் பிளாஸ்டிக் நாற்காலி வைத்து, வண்டியை ஓட்டிக் காட்டச் சொன்னோம். நூலகத் திருப்பத்தில் மூன்று நாற்காலி நொறுங்கியது. தூண்களைத் தள்ளி வைத்தோம்.

டெண்டர், கால அட்டவணை, டீக்கடை

டெண்டர் ஷெட்யூலில், அதாவது அளவும் விலையும் போட்ட வேலைப் பட்டியலில், இல்லாத வேலை தளத்தில் நடக்காது. மரங்களைச் சுற்றி வேலி, கையால் பள்ளம் எடுப்பது, பழைய தரையை வெளியேற்றுவது, நடப்பவர்களுக்குத் தற்காலிகப் பாதை, ராத்திரி விளக்கு எல்லாம் தனித்தனி இனமாக, அளவோடு, விலையோடு இருக்கட்டும். பேவரில் நடைபாதைக்கு 60 மில்லிமீட்டர், வண்டி ஏறும் இடத்துக்கு 80 மில்லிமீட்டர் என்று பிரித்து எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் 80 போட்டால் காசு வீண், எல்லாவற்றுக்கும் 60 போட்டால் குப்பை லாரி முதல் மாதமே சொல்லிவிடும்.

கடைசித் தேர்வுக்கும் முதல் வகுப்புக்கும் நடுவில் ஏழெட்டு வாரம்தான் கிடைக்கும். அதற்குள் நாலு ஏக்கரை முடிப்பேன் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். மூன்று துண்டாகப் பிரித்து, வருடத்துக்கு ஒரு துண்டு. வடகிழக்குப் பருவமழையில் பள்ளம் திறந்திருக்கக் கூடாது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் தகரம் வைத்து மூடினால் பிள்ளைகள் வேறு இடத்துக்குப் பழகிவிடுவார்கள், திரும்ப வர மாட்டார்கள்.

எந்த ஆர்க்கிடெக்ட் படத்திலும் டீக்கடை இருக்காது. காபிக் கோப்பையோடு சிரிக்கும் பெண் இருப்பார், அக்காவின் கொட்டகை இருக்காது. எங்களிடமும் அப்படித்தான் ஆனது. கொட்டகையை எடுத்துவிட்டு ஃபுட் கோர்ட் என்று டெண்டர் விட்டார்கள். வாடகை அக்காவால் கட்ட முடியாத தொகை. புதிதாக வந்தவர் கண்ணாடிக் கூண்டு வைத்துக் காபியை நாற்பது ரூபாய்க்கு விற்றார். ஆறு மாதம் நடுவளாகம் வெறிச்சென்று கிடந்தது, புதுத் தரை பளபளத்தது. குழுவில் யாரும் காரணம் கேட்கவில்லை. நான்காவது கூட்டத்தில் ஒரு ஆராய்ச்சி மாணவி எழுந்து, "சார், டீ பத்து ரூபாய்க்குக் கிடைச்சா நாங்க வந்துடுவோம்" என்றாள். அக்காவை மூன்றாவது மரத்துக்கு எதிரே, ஓட்டுக் கூரை போட்டுக் குறைந்த வாடகையில் திரும்ப அமர்த்தினோம். இதை முதலிலேயே திட்டத்தில் எழுதுங்கள்: கடைக்குத் தண்ணீர், கழிவுநீர் இணைப்பு, பாத்திரம் கழுவ இடம், கேஸ் சிலிண்டர் வைக்கக் காற்றோட்டமான கூண்டு.

வேலை முடிந்ததும் ஒப்பந்தக்காரரின் வைப்புத் தொகையை உடனே விடுவிக்கச் சொல்லி நெருக்குவார்கள். குறைபாட்டுப் பொறுப்புக் காலத்தில், அதாவது குறை தெரிந்தால் ஒப்பந்தக்காரரே சரிசெய்து தர வேண்டிய காலத்தில், ஒரு மழைக்காலம் முழுதாக அடங்கியிருக்க வேண்டும். அது முடிவதற்கு ஒரு மாதம் முன்பு, துப்புரவு அம்மாவையும் வாட்ச்மேனையும் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்து பாருங்கள். என் பட்டியலில் ஐந்து குறைகள் இருந்தன. அம்மா பதினேழு சொன்னார். மழைத் தண்ணீர் தேங்கும் ஓடு, அலம்பும்போது ஆடும் மூடி, எரியாத விளக்கு, எரிந்தும் வெளிச்சம் மேலே மட்டும் அடிக்கிற விளக்கு.

நீரூற்றைச் சரிசெய்ய வேண்டும் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மோட்டாரும் கரண்டும் யார் பார்ப்பது என்று கேட்டேன், பதில் இல்லை. தொட்டியில் மண் நிரப்பி ஒரு மகிழ மரம் வைத்தோம்.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். மகிழம் இன்னும் பூக்கவில்லை. தொட்டி விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், எனக்கு இடம் கிடைக்கவில்லை. அக்கா டீயை பன்னிரண்டு ரூபாய் ஆக்கியிருக்கிறார். தேர்வுப் பிரிவுக் கூரைக்குக் கீழே குடிநீர்க் குழாய் லேசாக ஒழுகிக்கொண்டிருந்தது. வாஷரை மாற்றச் சொல்லி எஸ்டேட் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.